நாற்பது ‘டேக்’கும் ஷீபாவின் பிரெஞ்சுத் தேர்வும்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. ஷீபா தேர்வறையிலிருந்து வெளியே வந்தாள். கர்ச்சீப்பைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் போலிருந்தது. அதைக் கையிலேயே சுருட்டிப் பிடித்திருந்தாள்.

“மைனி, எல்லாம் போச்சு” என்றாள்.

ஷீபா என் நாத்தனார். நெய்யாற்றின்கரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் கணவர் கனடாவிலுள்ள மோன்றியலுக்குப் போய் மூன்று வருடமாகிறது. அன்றிலிருந்து ஷீபாவும் மகள் அனுவும் கேரள எல்லையிலுள்ள பாறசாலையில் எங்களோடுதான். அங்கே ஆஸ்பத்திரி வேலைக்குப் பிரெஞ்சு வேண்டும். இரண்டு தடவை எழுதினாள்... இரண்டு தடவையும் வாய்மொழித் தேர்வில் கோட்டைவிட்டாள். மூன்றாவதும் போனால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று விசா ஏஜென்சிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். அப்புறம் அனு தன் அப்பாவை ஃபோனில் பார்த்தே வளர வேண்டியதுதான்.

கல்லூரியில் பிரெஞ்சு படித்த பாவத்துக்கு, வாத்தியார் வேலை என் தலையில் விழுந்தது. ஷீபா என்னைவிட இரண்டே வயதுதான் இளையவள். அதட்டவும் முடியாது!

அவளுடைய சிக்கல் என்ன தெரியுமா? ‘டேக்’. ஆமாம், எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரிந்த அதே ஆங்கில ‘டேக்’தான்.

நம் ஊர் நர்ஸ்கள் பேசும் ஆங்கிலத்தைக் கவனித்திருக்கிறீர்களா? டேக் ரெஸ்ட், டேக் பாத், டேக் டேப்லெட், டேக் லீவ்... அந்த ஒரு சொல்லை வைத்தே ஒரு வார்டை ஓட்டிவிடலாம். அவர்களைச் சொல்வானேன்? நாமும் எல்லாவற்றையும் ‘எடுக்கிற’ ஆட்கள்தானே. லீவு எடுக்கிறோம், டிக்கெட் எடுக்கிறோம், வாந்தி எடுக்கிறோம். பசிகூட நமக்கு எடுக்கத்தான் செய்கிறது.

பிரெஞ்சில் காபியையும் மாத்திரையையும் ‘ப்ராந்த்ர்’ என்று எடுக்கலாம். பிபியையும் எடுக்கலாம். சரி, பிடிபட்டுவிட்டது என்று நினைக்கிறபோதே வழுக்கிவிடும். நோயாளியை எக்ஸ்ரேக்கு அழைத்துப் போனால் ‘அம்னே’. சட்டையைக் கழற்றினால் ‘ஆன்லவே’. விமானம் கிளம்பினால் ‘தெக்கோலே’. மத்தியானக் குட்டித்தூக்கத்தை எடுக்க மாட்டார்கள் — ‘செய்வார்கள்’. பரீட்சை எழுதுவதற்கு ‘பாஸே’. அட, எழுதினாலே பாஸா என்று ஷீபா ஒரு கணம் சந்தோஷப்பட்டாள். இல்லை மக்கா, சும்மா போய் எழுதிவிட்டு வருவதற்கே அந்தப் பேர்தான் என்றேன். முகம் சுண்டிவிட்டது.

நாற்பது ‘டேக்’ வாக்கியங்களை ஒரு நோட்டில் எழுதினேன். காலையில் தேங்காய் துருவும்போது பத்து. ஸ்கூட்டரில் அவளை டியூட்டிக்குக் கொண்டுவிடும்போது, அமரவிளைப் பாலத்தில் டிராஃபிக் பிளாக் என்றால் இன்னும் பத்து. அவளோ தமிழில் நினைப்பாள், மலையாளத்தில் ஒரு முறை சரிபார்ப்பாள், ஆங்கிலத்தில் ‘டேக்’கைப் போடுவாள், அதற்கப்புறம்தான் பிரெஞ்சுக்கு வருவாள். அதற்குள் நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கே போயிருப்பார்.

கடைசி வாரம் பொறுமை போய்ச் சொல்லிவிட்டேன். நோட்டை மறந்துவிடு. எதிரே இருக்கிறவர் முகத்தைப் பார். அவரிடம் பேசு.

அதுதான் வினையாகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. கடையிலோ பஸ்ஸிலோ சர்ச் வாசலிலோ மலையாளத்தில் பேசிக்கொண்டிருப்போம். எதிராளி தமிழ் என்று தெரிந்த நொடியில் நாக்கு தானாகத் தமிழுக்குத் திரும்பிவிடும். யாரும் யோசித்துச் செய்வதில்லை. திரும்பாவிட்டால்தான் தப்பு — பெரிய பவுசுக்காரி என்று பேராகிவிடும்.

தேர்வு நடத்தியவர் ஐம்பது வயதுப் பெண்மணி. பயந்துபோன ஒரு தாயாக அவர் நடிக்க வேண்டும். குழந்தையை எக்ஸ்ரேக்கு அழைத்துப்போக ஷீபா அவரிடம் சம்மதம் வாங்க வேண்டும். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததாம். அப்போது அந்த அம்மாவின் கை பட்டு டம்ளர் கவிழ்ந்தது. மேசை முழுக்கத் தண்ணீர். அவர் வாயிலிருந்து “ஐயையோ” என்று வந்தது. புதுச்சேரிக்காரராம்!

அவ்வளவுதான். ஷீபா கர்ச்சீப்பால் மேசையைத் துடைத்துக்கொண்டே, பிள்ளையை நினைத்து விசாரப்பட வேண்டாம், நான் கூடவே நிற்பேன், ஐந்து நிமிடத்தில் உங்கள் கையிலேயே கொண்டுவந்து தருவேன் என்று அந்தத் தாயைத் தேற்றியிருக்கிறாள். அத்தனையும் தமிழில். ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.

“நாலு வாக்கியம் பேசின பெறவுதான் ஓர்மை வந்தது மைனி. நான் என்ன செய்ய? அவிய தமிழாக்கும்.”

அந்த அம்மா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. நிதானமாகச் சொல்லுங்கள் என்று பிரெஞ்சில் சொன்னாராம். ஷீபா அதே நாலு வாக்கியத்தையும் பிரெஞ்சில் திருப்பிச் சொல்லியிருக்கிறாள். நடுவில் ஆங்கிலம் எட்டிக்கூடப் பார்க்கவில்லையாம். எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒன்றும் ஆகாது என்று தேற்றினேன். ஆனால் முகத்தைப் பார் என்று சொன்னது யார்? அடுத்த மூன்று வாரம் நான் இருந்த இருப்பு இருக்கிறதே... ஃபோன் சிணுங்கினால் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். அம்மா பாஸாயாச்சா மாமி என்று தினமும் கேட்டுவிட்டுத்தான் அனு ஸ்கூலுக்குப் போவாள். ஷீபாவுக்கோ எப்போதும்போல டியூட்டி, சமையல், மறுபடி டியூட்டி.

போன செவ்வாய்க்கிழமை ரிசல்ட் வந்தது. தன்னால் பார்க்க முடியாது என்று ஃபோனை என் கையில் திணித்துவிட்டாள். இரண்டு தடவை பார்த்த பிறகுதான் நம்பினேன். வாய்மொழித் தேர்வில், தேவையானதற்கு மேலே இரண்டே இரண்டு மார்க். பாஸ்!

உடனே கணவரை அழைத்தாள். அவர் ஹலோ சொன்னார். நாலு மொழி தெரிந்தவளுக்கு ஒரு சொல் வரவில்லை; அழுதுகொண்டே இருந்தாள். அந்தப் பக்கம் என்ன ஏது என்று அவர் பதறுவது எனக்கே கேட்டது. அனுதான் ஃபோனைப் பிடுங்கினாள்.

“அப்பா, நாங்க வாறோம்.”

விசா வர இன்னும் சில மாதம் ஆகுமாம். அனு அன்றைக்கே பெட்டியை இறக்கிவிட்டாள். அதை எதிரே வைத்துக்கொண்டு பொம்மைகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறாள்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்லட்டுமா? தோற்றுவிடுவாளோ என்று இத்தனை நாள் பயந்தேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து வேறு பயம். இந்த மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட நான் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. ஜெயித்துவிட்டாளே என்றிருக்கிறது. இப்படியும் ஒரு மனசா? இருக்கிறதே, என்ன செய்ய!

இது அச்சாகி இந்த வார இதழ் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, ஷீபா பார்ப்பதற்குள் இந்தப் பக்கத்தைக் கிழித்து ஒளித்து வைக்க வேண்டும்.