நாத்தனார் பேரில் வாங்கிய அரிசி

அம்சாவைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் கல்யாணத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கூத்தே அங்கேதான் தொடங்கியது. ஆந்திராவில் இருக்கிற நகரியில் பிறந்த அம்சாவைத் தமிழ்நாட்டுப் பக்கம் திருத்தணி பூபாலனுக்குக் கொடுத்தார்கள். பூபாலனின் தங்கை தேவயானியை அம்சாவின் அண்ணன் தேசப்பனுக்கு எடுத்தார்கள். ஒரே முகூர்த்தம், மலைமேல் ஒரே மண்டபம், ஒரே சாப்பாடு. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும்போது இந்தப் பக்கத்தில் யாரும் எல்லையெல்லாம் பார்ப்பதில்லை. பஸ் ஏறினால் அரை மணி நேரம், அவ்வளவுதான். அன்றிலிருந்து நாத்தனார்கள் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி, அண்ணி என்பதற்குத் தெலுங்கில் சொல்கிற 'வதினா' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

கல்யாணம் ஆனதும் ரேஷன் கார்டில் பேர் மாற்ற வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அம்சாவின் மாமனார் துரைக்கண்ணு அதற்கு ஒரு நியாயம் வைத்திருந்தார்.

"இங்கருந்து ஒரு பொண்ணு போச்சு, ஒரு பொண்ணு வந்துச்சு. அங்கயும் அதே கதைதான். தலைக்குத் தலை சரியாப்பூட்ச்சி. இதுக்குப் போயி ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சிகினு இருக்கணுமா? செத்தவங்க பேரைத்தான் கார்டுல அடிப்பாங்க. நல்லா இருக்கற பொண்ணுங்க பேரை எதுக்கு அடிக்கணும்?"

பெரிய மனுஷன் வாயிலிருந்து வந்த பிறகு மறுபேச்சு ஏது? இருபத்திரண்டு வருஷமாகத் திருத்தணிக் கார்டில் தேவயானி இருக்கிறாள், அவள் பங்கு அரிசியை அம்சா தின்கிறாள். நகரிக் கார்டில் அம்சா இருக்கிறாள், தின்பது தேவயானி. பொங்கினால் எல்லாம் ஒரே சோறுதானே!

அம்சாவுக்கு இப்போது நாற்பத்து நாலு வயது. மலையடிவாரத்தில் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்குகிறாள். கிருத்திகை வந்துவிட்டால் ஒரு மூட்டை வெங்காயத்தைத் தனி ஆளாக உரித்துத் தள்ளுகிறவள். போன ஆடியிலிருந்து அவளுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. முதலில் மாசத்தில் பத்து நாள், அப்புறம் இருபது நாள், அப்புறம் எண்ணுவதையே விட்டுவிட்டாள். பெண்பிள்ளைகளுக்கு இதெல்லாம் இருக்கிறதுதான் என்று வாயை மூடிக்கொண்டு வேலைக்குப் போனாள். ஒரு நாள் அரிவாள்மணைமேல் சாயப் போனவளைக் கூட வேலை செய்யும் மணியம்மைதான் இழுத்துப் பிடித்தாள். திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனாள்.

கர்ப்பப்பையில் கட்டி, பையையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். உடம்பில் இருக்க வேண்டிய ரத்தத்தில் பாதிதான் இருந்தது. இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். ஆபரேஷனுக்குச் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார்கள். சென்னையில் மூன்று மாசம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு இங்கே டாக்டரம்மா தலையை ஆட்டினாள்.

"மூணு மாசம் உன் உடம்பு தாங்காதும்மா. கவர்மெண்டு காப்பீடு இருந்தா தனியார் ஆஸ்பத்திரியிலயே அடுத்த வாரம் எடுத்துடலாம். நீ ஒரு பைசா குடுக்க வேணாம். ரேஷன் கார்டை எடுத்துகினு போய்ப் பதிஞ்சிட்டு வா."

பதிகிற இடத்தில் இருந்தவன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுல தேவயானின்னு கீது. நீங்க யாரும்மா?"

"அது எங்க ஊட்டுக்காரர் தங்கச்சிங்க. என் பேரு ஆந்திரா கார்டுல கீதுங்க."

"அப்ப நீங்க ஆந்திராலதான் கேக்கணும். இல்லன்னா அங்க பேரை எடுத்துட்டு வந்து இங்க சேருங்க. ரெண்டு மாசமாவது ஆவும்."

அவன் எரிந்து விழவில்லை. நல்லபடியாகத்தான் சொன்னான். யாராவது திட்டியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருக்கலாம். அழ வேண்டிய இடம்தான், ஆனால் அம்சாவுக்கு ஒன்றும் வரவில்லை. ரத்தத்தோடு சேர்ந்து ஆத்திரம், அழுகை எல்லாம் வெளியே போய்விட்டதோ என்னவோ, மரத்துப்போய் நின்றாள்.

அண்ணனுக்குப் போன் போட்டாள். தேசப்பன் இழுத்தான். "இங்க எதுக்கும்மா? அங்கயே சேத்துக்கச் சொல்லிக் கேட்டுப் பாரேன்." தங்கைக்கு ஒன்று என்றால் ஓடி வருகிறவன், இப்படி இழுக்கிறானே என்று நினைத்தாள். அதற்குமேல் நினைக்கத் தெம்பில்லை. மறுநாள் காலையில் நகரிக்குப் போய் இறங்கினாள். அண்ணன் வீட்டில் கறைபட்ட சேலையை மாற்றிக்கொண்டு, அந்த வீட்டுக் கார்டோடு கிளம்பினாள். தேவயானி துணைக்கு வந்தாள். வாய் ஓயாத தேவயானி, ஆட்டோவில் அம்சா கையிலிருந்த கார்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நகரியில் காப்பீட்டை ஏற்கிற ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனார்கள். காப்பீட்டு மேஜையில் ஒரு சின்னப் பெண். நம்பரைத் தட்டினாள். அம்சாவைப் பார்த்தாள், மறுபடியும் தட்டினாள்.

"உங்களுக்குத்தான் கர்ப்பப்பை எடுத்தாச்சே அம்மா," என்றாள் தெலுங்கில். "மூணு வருஷம் ஆகுது. இதே கார்டு, இதே ஆதார்."

அம்சாவுக்கு உடனே புரிந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால், கார்டைப் புதுப்பிக்க வேண்டும் என்று அண்ணன் ஆதார் நகல் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். அடுத்த மாசம் தேவயானிக்கு ஆபரேஷன். அம்சாவே பூண்டுக் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். யார் பேரில் செய்தீர்கள் என்று எந்தப் பைத்தியக்காரியாவது கேட்பாளா?

திரும்பிப் பார்த்தாள். தேவயானி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எந்தக் கார்டும் இங்க இல்ல வதினா, திருத்தணிக் கார்டை இங்க ஒத்துக்கல," என்றாள் தமிழில், மெதுவாக. "நானும் இப்படித்தான் ஊத்திகினு கெடந்தேன். செத்துப்போயிருப்பேன். வெளிய தெரிஞ்சா உங்க அண்ணனைப் புடிச்சிகினு பூடுவாங்க வதினா."

"எடுத்தாச்சா, இல்லையா?" என்றாள் மேஜைப் பெண். "இல்லைன்னா சொல்லுங்க அம்மா, மேலே எழுதறேன். யாரோ உங்க பேர்ல செஞ்சிருக்காங்க. விசாரிச்சு முடிச்சதும் உங்களுக்குச் செய்வாங்க."

விசாரித்து முடிக்கிற வரைக்கும் இருப்போமா என்று அம்சா யோசித்தாள். இல்லை என்று சொன்னால் அண்ணன் ஜெயிலுக்குப் போவான். தேவயானிமேல் கோபப்பட்டுப் பார்த்தாள், அதுவும் வரவில்லை. அவள் நிலைமையில் தானும் அதைத்தான் செய்திருப்போம் என்று தோன்றியது. தொடையில் சூடாக வழிந்துகொண்டிருந்தது.

"ஆங், எடுத்தாச்சும்மா," என்றாள். "மறந்துட்டேன்."

"இதையுமா மறப்பாங்க!" என்று அந்தப் பெண் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வெளியே வந்ததும் தேவயானி காலில் விழப் போனாள். அம்சா தோளைப் பிடித்து நிறுத்தினாள். "வேணாம் விடு, நாலு பேர் பாக்கறாங்க," என்று மட்டும் சொன்னாள். பஸ்ஸில் இடம் இருந்தும் சீட்டு கறையாகிவிடுமே என்று திருத்தணிவரைக்கும் நின்றுகொண்டே வந்தாள்.

பூபாலன் வாசலிலேயே காத்திருந்தான். "இன்னா சொன்னாங்க? எப்ப வரச் சொன்னாங்க?"

"வர வேணாம்னுட்டாங்க. எனக்கு ஆப்ரேஷன் முடிஞ்சி மூணு வருசம் ஆவுதாம்."

அம்சா அவனைத் தாண்டிச் சேலை மாற்ற உள்ளே போனாள். அன்றைக்கு அது மூன்றாவது சேலை.