பறக்கிறவனுக்கு எதற்குத் தூக்கம்?

நான் சூப்பர் ஹீரோ நாவல் எழுதுகிறேன் என்றால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அரியலூரிலிருந்து பெரம்பலூர் மருந்துக்கடைக்கு வேலைக்குப் போகும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே கட்டைவிரலால் செல்போனில் தட்டிய நாவல் அது. வெள்ளிக்கிழமைதோறும் ஓர் அத்தியாயம் கதை படிக்கும் செயலி ஒன்றில் போடுவேன். கொஞ்சம் பேர் விடாமல் படித்தார்கள்.

என் நாயகன் பறப்பான். பாலத்திலிருந்து விழுந்த பஸ்ஸைத் தாங்கிப் பிடித்தவன், ஜன்னல் வழியே விழுந்த ஒரு சிறுமியை மட்டும் விட்டுவிட்டான். அந்தக் குற்றவுணர்ச்சியில் ஓயாமல் ஊரைக் காக்கிறான். வில்லன்களை நான் சாகடிப்பதே இல்லை. சாகடித்தால் அடுத்த வாரத்துக்கு யாரைக் கொண்டுவருவது? ஜெயிலில் போட்டவனும் திரும்பி வருவான், கடலில் எறிந்தவனும் திரும்பி வருவான். நாயகன் அலுத்துப்போய் மறுபடி எழுந்து பறப்பான்.

முதல் வாசகர் என் கணவர். சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டுகிறார். போன வருடம் அவர் வண்டி ஒரு மொபெட்டை இடித்துவிட்டது. அதில் வந்தவர் குரும்பலூர்க்காரர், சின்ன வெங்காய வியாபாரி. உயிர் பிழைத்தார், ஆனால் ஒரு கால் சரியாகவில்லை. அடிபட்டதில் அவருக்கு நடந்தது எதுவும் நினைவில்லை. அவர்தான் பார்க்காமல் குறுக்கே வந்தார் என்று போலீசில் முடித்தார்கள். வண்டிக்குத் திருஷ்டி என்று லாரி முதலாளி முடித்தார். டயருக்கு டயர் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, முன்னால் புதுக் கறுப்புக்கயிறு கட்டினார்கள். பூசணிக்காய்க்குக் குங்குமம் தடவியது நான்தான். திருஷ்டி கழிந்துவிட்டதாம். மறுநாளே அவரை அதே வண்டியில் ஏற்றி, முன்பைவிட அதிக நடை ஓட்டவைத்தார்கள்.

அதற்குப் பிறகு மனுஷன் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பார். வெங்காயக்காரரோ ஊன்றுகோலுடன் அரியலூர் சந்தைக்கு வரும்போதெல்லாம் லாரிகள் நிற்கும் டீக்கடையில் இவரைத் தேடிப் பிடிப்பார். “எம்மேலதான் தப்பு தம்பி. உங்களையும் அலைய வுட்டுட்டேன்” என்று கும்பிடுவார். என் வில்லன்கள் கத்தியோடு திரும்பி வந்தார்கள். இவருக்கு வந்தவர் கைகூப்பிக்கொண்டு வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் புது அத்தியாயத்தைப் படித்துவிட்டு, “இவன் எப்பத்தான் தூங்குவான்?” என்று கேட்டார்.

“பறக்கிறவனுக்கு எதுக்குங்க தூக்கம்? அவன் என்ன லாரியா ஓட்டுறான்?” என்றேன்.

வழக்கமாகச் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. “அந்தப் புள்ளைய வுட்டுட்டான்ல, ஏன் வுட்டான்?”

“வில்லன் கண்ணுல ஒளிய அடிச்சுட்டான்ல.”

“அத மாத்து. தூங்கிட்டான்னு எழுது. பறந்துகிட்டு இருக்கறப்பவே கண்ணு சொக்கிடுச்சு. முழிச்சுப் பாத்தா எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு எழுது.”

தட்டோடு வாசல்வரை போய்த் திரும்பினார். எனக்குப் புரிந்துவிட்டது. முதலில் வந்தது கோபம்தான். இவர் மேல் கோபம், முதலாளி மேல் கோபம், பூசணிக்காய்க்குக் குங்குமம் தடவிய என் கைமேலும் கோபம். அப்புறம் பயம் பிடித்துக்கொண்டது. உண்மை தெரிந்தால் கேஸ் கிளம்பும், லைசென்ஸ் போகும். மருந்துக்கடைச் சம்பளத்தில் எத்தனை நாள் அடுப்பெரியும்? ‘வாயை மூடிக்கொண்டு இருங்கள்’ என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

“அந்தாளு கும்புடறப்ப ஓடிப்போயி எங்கயாச்சும் விழுந்துடலாம்னு இருக்குடி” என்றார்.

விடிந்ததும் டூட்டிக்குக் கூப்பிட்டு அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. நாங்கள் பெரம்பலூர் போய், அங்கிருந்து குரும்பலூருக்கு டவுன் பஸ் ஏறினோம். காலி இருக்கை இருந்தும் அவர் உட்காரவில்லை. நான் உட்கார்ந்தேன், ஆனால் ஒரு வரிகூட எழுத ஓடவில்லை.

வெங்காயக்காரர் வாசலில் கட்டிலில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் பதறி எழப் பார்த்தார். உள்ளிருந்து அவர் மனைவி, “வந்தவங்க காலுலயும் விழுவாத. கண்ண எங்கயோ வச்சுக்கிட்டு வண்டி ஓட்டிட்டு, குடும்பத்தயே நடுத்தெருவுல நிறுத்திட்ட” என்று சத்தம் போட்டார். தினமும் அவரைச் சொல்லிப் பழகிய குரல் அது.

என் கணவர் நின்றபடியே சொன்னார். “அண்ணே, நீங்க குறுக்க வரல. உங்க ஓரத்துலதான் வந்தீங்க. நான்தான் தூங்கிட்டேன்.”

அடிக்கப்போகிறார், ஊரைக் கூட்டப்போகிறார் என்று நான் என் கணவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெங்காயக்காரருக்கு வாய் கோணியது, கண்ணில் நீர் கட்டியது. எங்களை விட்டுவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பி, உள்ளே இருப்பவருக்குக் கேட்கும்படி கத்தினார்.

“கேட்டியாடி? நான் சரியாத்தான் வந்திருக்கேன்.”