உபதேசியார் வீட்டு வேப்பிலை

எழுத்து எனக்குப் பழக்கமில்லாத வேலை. பத்தாவது வரைதான் படித்தேன், அதுவும் தெலுங்கு மீடியத்தில். தமிழ் எழுதக் கற்றது வீட்டில், வேதாகமத்தைப் பார்த்து. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். அப்படிப்பட்டவள் பேனா எடுத்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அன்பைப் பற்றி அழகாகப் பேசத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு நான் செய்த வேலை ஒன்று இருக்கிறது. அதை என்னைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வடமாலபேட்டையில், சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகிற ரோட்டை ஒட்டி எங்கள் சர்ச். அந்தக் காம்பவுண்டுக்குள்ளேயே எங்கள் வீடு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் அங்கே உபதேசியார். பாஸ்டர் மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது, வியாதிக்காரர்களைப் பார்த்து ஜெபிப்பது, மணி அடிப்பது எல்லாம் நைனாதான். வீட்டில் அவர், அம்மா, நான், அப்புறம் நைனாவின் தங்கையான அத்தை.

அத்தைக்கு முப்பத்திரண்டு வயது. வீட்டிலேயே மெஷின் போட்டுத் துணி தைப்பாள். அவளுக்கு மூன்று இடம் வந்து தட்டிப்போயிருந்தது. முதலில் வந்தவர்கள் நிறம் கறுப்பு என்றார்கள். இரண்டாவது வந்தவர்கள் படிப்பு போதாது என்றார்கள். மூன்றாவது ஆட்கள் காரணமே சொல்லவில்லை. நாலாவதாகப் பாகாலாவிலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் தனக்குப் பார்க்க ஆரம்பித்தபோது முப்பத்தெட்டு ஆகிவிட்டிருந்தது. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து பெண் பார்க்க வருகிறோம் என்று கடிதம் வந்தது. இதுவும் தட்டிப்போனால் இனிமேல் யாரும் வரப்போவதில்லை என்று அம்மா என் காது கேட்கவே சொன்னாள். அம்மா அலமாரியில் வைத்த மாப்பிள்ளை போட்டோ மறுநாள் அத்தையின் பைபிளுக்குள் இருந்தது. நான் பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கும் அந்தக் கல்யாணத்தில் அக்கறை இருந்தது. மாமா ரயில்வே என்றால் சும்மாவே ரயில் ஏறலாம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அது புரட்டாசி மாதம். ரோட்டில் மஞ்சள் துணி கட்டிய கூட்டம் ‘கோவிந்தா’ சொல்லிக்கொண்டு திருப்பதிக்கு நடந்து போய்க்கொண்டே இருக்கும். வியாழக்கிழமை மத்தியானம் கடைக்குப் போன அத்தை, அந்தக் கூட்டத்தில் வந்த ஒரு பெண்ணைத் தோளில் சாய்த்து நடத்திக்கொண்டு வந்தாள். அரக்கோணம் பக்கத்துப் பெண். முகம், கழுத்து, கை எல்லாம் கொப்புளம். அம்மை போட்டிருந்தது. கூட வந்தவர்கள், மலை ஏறி இறங்கி ஊருக்குப் போய் அவள் புருஷனை அனுப்புகிறோம் என்று சொல்லி, புளியமரத்தடியில் உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டார்களாம். பஸ்ஸில் கண்டக்டர் ஏற்றவில்லை.

“உனக்கு இந்த வாரம்தான் கெடைச்சுதா?” என்றாள் அம்மா.

“அம்மைக்கு வாரம் தெரியுமா அண்ணி?” என்றாள் அத்தை.

ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் எங்களுக்கு இல்லை. பெரியவர்கள் மூன்று பேருக்கும் சின்ன வயதிலேயே வந்து போயிருந்தது. எனக்குப் போன வருஷம்தான் வந்தது. அப்போது பக்கத்துத் தெருவே வந்து, வாசலில் வேப்பிலை கட்டு, தாளிக்காதே, ஆத்தாவுக்கு ஆகாது என்று சொல்லியும் நைனா ஒரு இலையைக்கூட உள்ளே விடவில்லை. ஜெபம் பண்ணினார், ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தைத் தடவினார். எனக்குக் குணமானதும், கர்த்தர் குணமாக்கினார் என்று அதைச் சர்ச்சில் சாட்சியாகச் சொன்னார். நன்றாக இருந்தது என்று இரண்டு மூன்று ஊர்ச் சபைகளில் கூப்பிட்டுச் சொல்ல வைத்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் என் கொப்புளங்கள் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போயின.

அந்தப் பெண்ணை, சர்ச் பாய்களை அடுக்கி வைக்கிற பக்கத்து அறையில் படுக்க வைத்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் எங்கள் வாசல் நிலை தெரியும். அவள் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். கஞ்சி கொடுத்தால் வேண்டாம், தண்ணீர் கொடுத்தால் வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை அவள் ஒரு வாய்கூட குடிக்கவில்லை. உதடு வெடித்து ரத்தம் கசிந்தது.

“ஆத்தா மேல வந்துகிறா. வாசல்ல தழை கூட இல்லாத ஊட்ல துன்னுகினு கெடந்தா என்னை வுடுவாளா? என் கொழந்தைங்களை வுடுவாளா?” என்று அழுதாள்.

அத்தை நைனாவிடம் வந்தாள்.

“அண்ணா, வேப்பிலை கட்டப்போறேன்.”

நைனா கண்ணாடியைக் கழற்றினார். “நம்ம வாசல்லயா? நான் ஊர் ஊராப் போயி சாட்சி சொன்னது என்னா ஆவறது?”

“நமக்காகக் கட்டல. அவ பயத்துக்குக் கட்றேன்.”

“பாகாலாக்காரங்க வராங்க, ஞாபகம் இருக்குதா?”

“இருக்குது.”

நைனா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். சரி என்று சொல்லவில்லை. அத்தை காம்பவுண்டு வேப்பமரத்தில் கொத்து ஒடித்து வந்து வாசல் நிலையில் கட்டினாள். பிறகு அடுப்படிக்குப் போய், அந்தப் பெண் இருக்கிற வரை தாளிக்க வேண்டாம், எண்ணெய் வாசம் வந்தால் பயப்படுகிறாள் என்றாள்.

“ஞாயித்துக்கெழம வர சம்பந்திக்கு வெறுங்கஞ்சி ஊத்தறதா? ஏம்மா, கல்யாணம் உனக்கா எனக்கா?” என்று அம்மா கத்தினாள்.

ஆனால் அன்று ராத்திரி அந்தப் பெண் கஞ்சி குடித்தாள். சனிக்கிழமை மூன்று வேளையும் குடித்தாள். தன் பிள்ளைகள் இரண்டு பேர் என்று அத்தையிடம் சொன்னாள். அதே சனிக்கிழமை, ரோட்டில் போன டீக்கடைக்காரர் எங்கள் வாசலைப் பார்த்துச் சைக்கிளை நிறுத்தினார்.

“என்னா உபதேசியாரே, ஆத்தா உங்க ஊட்டுக்கும் வந்துட்டாளா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க மேளம் வெச்சிருப்போமே!”

நைனா சிரிக்க முயற்சி செய்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை நடந்துகொண்டிருந்தபோது, தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி வீட்டுக்கு வந்தேன். ஸ்டூல் போட்டு ஏறி வேப்பிலையை அவிழ்த்தேன். கிணற்றுக்குப் பின்னால் இருக்கிற குப்பைக் குழியில் போட்டு மேலே சருகைத் தள்ளினேன். நான் எல்லோருக்கும் நல்லது செய்துவிட்டதாகவே நினைத்தேன். திரும்பிப் போய்ப் பாட்டுப் பாடினேன்.

பதினொரு மணிக்குப் பாகாலாக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, பெரியப்பா. அந்த அம்மா வெள்ளைப் புடவை கட்டி, பெரிய பைபிளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். உட்கார்ந்ததும் வாசலை ஒருமுறை, சுவரில் இருந்த வசனத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

“எங்க சபைக்கு வந்து நீங்க சாட்சி சொன்னீங்களே, மறக்கவே இல்லீங்க. கொழந்தைக்கு அம்மை போட்டும் ஒரு இலை கட்டலியாமே. அந்தக் குடும்பத்துப் பொண்ணுதான் வேணும்னு நான்தான் இவன்கிட்ட சொன்னேன்” என்றார்.

நைனா தரையைப் பார்த்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அத்தை புதுப் புடவையில் காப்பி கொண்டுவந்தாள். தம்ளரை வாங்கும்போது மாப்பிள்ளை நிமிர்ந்து அவளைப் பார்த்து, “நீங்க குடிச்சீங்களா?” என்று கேட்டார். அத்தை சிரித்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்ததை நான் முன்னால் பார்த்ததில்லை. கல்யாணம் முடிந்த மாதிரிதான் என்று நினைத்தேன்.

பிறகு, “ஒரு நிமிசம் இருங்க” என்று அத்தை பக்கத்து அறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் கஞ்சித் தம்ளர் நிறைந்தபடியே இருந்தது. அவள் வாசல் நிலையை அண்ணாந்து பார்த்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தம்ளரை மெஷின் மேல் வைத்துவிட்டு வெளியே போனாள். கொத்து ஒடித்துக்கொண்டு வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, புதுப் புடவையோடு ஏறினாள்.

“என்னம்மா அது?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“உள்ள ஒரு அம்மா படுத்துக்கினு இருக்காங்க. மலைக்கு நடந்து வந்தவங்க. அம்மை போட்டிருக்குது. கட்டி வெச்ச தழையை யாரோ அவுத்துட்டாங்க, அதுல இருந்து கஞ்சி குடிக்க மாட்றாங்க.”

“அவங்களுக்கு ஏசப்பாவைப் பத்திச் சொல்லலியா?”

“சொல்றேங்க. மொதல்ல கஞ்சி குடிக்கட்டும்.”

“உபதேசியார் ஊட்டு வாசல்ல வேப்பிலையா? ஊர்ல நாலு பேரு என்னா சொல்லுவாங்க? நாங்க எங்க சபையில என்னா பதில் சொல்றது?”

அத்தைக்கு ஆணி எட்டவில்லை, எக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். அப்போது நைனா எழுந்தார். அவர் தங்கையை இறக்கிவிடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அத்தை கட்டி முடிக்கிற வரை பிடித்துக்கொண்டே நின்றார். ஸ்டூல் ஆடுகிறது, அதனால் பிடிக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

“போதாம் பதண்டி”, போகலாம் வாங்க, என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டு பெரியப்பா எழுந்தார். மற்ற இருவரும் கிளம்பினார்கள். மாப்பிள்ளை உயரமானவர், தழை தலையில் இடித்தது. ஒரு நிமிஷம் நின்று அதைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். அவருடைய அம்மா ரோட்டிலிருந்து கூப்பிட்டார். குனிந்து போய்விட்டார்.

அத்தை கஞ்சியைச் சூடு பண்ண அடுப்படிக்குப் போனாள்.

“நல்ல வேளை, தாளிக்காத சாம்பாரைத் துன்னாமயே போயிட்டாங்க” என்று சொல்லிவிட்டு அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். கஞ்சியோடு என்னைத் தாண்டிப் போன அத்தை, நடந்துகொண்டே, “சோறு துன்றதுக்கு முன்ன கையை நல்லா தேச்சிக் கழுவு. வேப்பிலை கசக்கும்” என்றாள். குரலில் கோபம் இல்லை. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அன்று முழுவதும் யோசித்தேன். தெரிந்தும் அந்த மூன்று பேர் முன்னால் என் பேரை ஏன் சொல்லவில்லை என்று யோசிக்கவில்லை.

பாகாலாவிலிருந்து கடிதம் வரவில்லை. பாஸ்டர் வந்தபோது நைனாவைத் தனியாக உட்கார வைத்து வெகுநேரம் பேசினார். அதற்குப் பிறகு நைனா அந்தச் சாட்சியை எங்கேயும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து அந்தப் பெண்ணின் புருஷன் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார். அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை.

அத்தைக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை, அதனால்தான் வேண்டுமென்றே அவர்கள் முன்னால் அப்படிச் செய்தாள் என்று நான் முடிவுகட்டியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் தோழிகளிடமும் அப்படியே சொன்னேன். பிடித்த ஒன்றைக் கைவிட யாராவது தானே ஸ்டூலில் ஏறுவார்களா என்ன? எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகும் அந்த எண்ணம் மாறவில்லை. அத்தை இப்போது திருப்பதியில் எங்களோடு இருக்கிறாள், எழுபது ஆகிறது. போன வருஷம் ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, “அந்தப் பாகாலாக்காரரை உனக்குப் பிடிக்கலதானே?” என்று கேட்டேன்.

“யாரு சொன்னா? ரொம்பப் புடிச்சிருந்துச்சு” என்று சொல்லிவிட்டு, ஆய்ந்த கீரையை என் பக்கம் தள்ளினாள்.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் திங்கட்கிழமை. ஐந்தாம் நாள் என்று அத்தை அந்தப் பெண்ணுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். நான் பள்ளிக்கூடம் போனேன்.