மேல் வரிசையில் ஒரு பல்

எனக்கு இப்போது கடைவாய்ப் பல் இரண்டு இல்லை. இம்ப்ளாண்ட் வைப்பதற்கு முன் வாயைத் தயார்படுத்த வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். ஈறு ஆற வேண்டுமாம், எலும்பு இறுக வேண்டுமாம். இதெல்லாம் எனக்குப் புதிதா? எண்பதுகளில் என் வீட்டுக்காரரின் வாயை அப்படித் தயார்படுத்தியபோது கூடவே இருந்தவள் நான். எலும்பில் திருகுகிற சமாச்சாரமெல்லாம் அப்போது எங்கள் பக்கம் வரவில்லை, பல் செட்தான். ஆனால் காத்திருப்பு ஒன்றுதான்.

திண்டிவனத்தில் அவர் உரக்கடை வைத்திருந்தார். வருகிறவர்கள் யூரியாவுக்காக வந்தார்களா, அவர் சிரிப்புக்காக வந்தார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. மேல் வரிசையில் முன்பல் ஒன்று, பக்கத்துப் பல்லின் மேல் லேசாக ஏறி உட்கார்ந்திருக்கும். பெண் பார்க்க வந்த அன்று காபி டம்ளரை வாங்கிக்கொண்டு சிரித்தபோது, நான் முதலில் பார்த்தது அந்தப் பல்லைத்தான். அவரை அழகன் என்று யாரும் சொன்னதில்லை. எனக்கு அந்தப் பல் போதுமாக இருந்தது.

நாற்பதைத் தாண்டியதும் ஈறில் சீழ் வைத்துப் பற்கள் ஆடத் தொடங்கின. கிராம்புத் தைலம், உப்புத் தண்ணீர் என்று நாளைக் கடத்தினார். நான் கத்திக் கத்தித்தான் விழுப்புரத்தில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். மேல் வரிசை மொத்தத்தையும் எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கினார். கூராக நின்ற எலும்பையும் அராவினார். பிறகு ஈறு ஆறி இறுகும்வரை மாதக்கணக்கில் சும்மா இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செட் உட்காராது என்றார்.

அந்த மாதங்களில் வீடு வீடாக இல்லை. அவருடைய தோள் துண்டு வாய்க்கு ஏறிக்கொண்டது. கடையில் விலையைக்கூட விரலால் காட்டினார். வறுத்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, என்றால் அவருக்கு உயிர், அவர் எதிரில் நாங்கள் அதைத் தின்பதையே விட்டுவிட்டோம். அதெல்லாம் பெரிதில்லை. சிரிக்காமல் இருந்தாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எதிரில் உட்கார்ந்து கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருக்கிற ஆளை நினைத்தே ஏங்குவது எவ்வளவு கொடுமை என்று அப்போதுதான் தெரிந்தது. வேண்டுமென்றே ஏதாவது கோமாளித்தனம் செய்வேன். சிரிப்பு வருவதுபோல இருக்கும், உடனே துண்டு மேலே போகும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

ஒருவழியாக அளவெடுக்கும் நாள் வந்தது. பிசைந்த மாவு மாதிரி ஒன்றை அவர் வாயில் அழுத்தி அச்சு எடுத்தார் டாக்டர். பிறகு என்னிடம் திரும்பினார்.

“சார் சிரிக்கிற போட்டோ ஏதாச்சும் இருந்தா எடுத்தாங்கம்மா. பழைய பல்லு எப்படி இருந்துச்சுன்னு பாத்தா அதே மாதிரி அமைச்சிடலாம்.”

“முத்து மாதிரி வரிசையா வச்சிடுங்க டாக்டர்,” என்றார் இவர், துண்டுக்குள்ளிருந்து.

“அதெல்லாம் வாணாம். பழைய மாதிரிதான் வேணும்,” என்றேன் நான்.

வீட்டுக்கு வந்து பெட்டியைக் கவிழ்த்தேன். கல்யாணப் போட்டோவில் இரண்டு பேரும் திருட்டுக் கேசில் மாட்டியவர்கள்போல நிற்கிறோம். கடை திறந்த அன்று எடுத்தது, பிள்ளைக்கு மொட்டை போட்ட அன்று எடுத்தது, எல்லாவற்றிலும் வாய் பூட்டியே இருந்தது. போட்டோவில் பல்லைக் காட்டினால் ‘என்னா இளிப்பு’ என்பார்கள் எங்கள் பக்கத்தில். ஸ்டுடியோக்காரரும் ‘வாய மூடுங்க, ஆடாதீங்க’ என்று சொன்ன பிறகுதான் படம் எடுப்பார். ஊரையே பார்த்துச் சிரித்த மனிதர் சிரித்தார் என்பதற்கு ஒரு அத்தாட்சி இல்லை.

அடுத்த முறை வெறுங்கையோடு போனேன். இவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“போட்டோ இல்லீங்க. நானே காட்டறேன்,” என்றேன் டாக்டரிடம். கண்ணை மூடி, மனசுக்குள் இவரை எதிரில் நிறுத்திப் பார்த்து, அந்தப் பல் தெரிந்த பக்கத்தில் என் பல்லையே விரலால் தொட்டுக் காட்டினேன். இதுதான், இதன் மேல் இவ்வளவு ஏறியிருக்கும் என்றேன். டாக்டர் குறித்துக்கொண்டார்.

மெழுகில் பல்லைப் பதித்து வாயில் வைத்துப் பார்க்கிற நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல். அவர் மட்டும்தான் போனார். அதற்குப் பிறகு ஒரு மாலை, செட்டோடு பஸ் இறங்கி வந்தார். வாசலில் நின்று துண்டை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

ஏறிய பல் இருந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவராக இல்லை. என்னவென்று முதலில் பிடிபடவில்லை, பிடிபட்டதும் அழுகை வந்துவிட்டது. பல் மறுபக்கத்தில் இருந்தது. எதிரில் நிற்கிறவரின் இடது பக்கம் நமக்கு வலது பக்கம். நான் என் வலது பல்லைத் தொட்டுக் காட்டினேன், டாக்டர் அவருக்கும் வலதிலேயே வைத்துவிட்டார்.

“அய்யோ, பக்கம் மாறிப்போச்சுங்க!”

“தெரியும்,” என்றார். “மெழுகுலயே பாத்தேன். தெனம் ஷேவ் பண்ணிக்கினு கண்ணாடில பாத்த மூஞ்சிதானே.”

“பாத்துட்டு என்னாத்துக்குச் சும்மா வந்தீங்க? அப்பவே சொன்னா மாத்தியிருப்பாரு இல்ல?”

“நீ இந்தப் பக்கம்தான் காட்டுனேன்னு டாக்டர் சொன்னாரு. எம் பல்ல என்னவிட நீதானே அதிகமா பாத்திருக்க. எனக்குத்தான் மறந்துபோச்சு போலன்னு விட்டுட்டேன்.”

மாற்றிக் கொடுங்கள் என்று நான் திரும்பப் போகவில்லை. அந்தச் சிரிப்போடு அவர் பல வருஷம் கடை நடத்தினார். அவர் போன பிறகு பழைய சிரிப்புக்காகத்தான் ஏங்குவேன் என்று நினைத்திருந்தேன். ஏக்கம் வருவதென்னவோ இரண்டாவதற்குத்தான். என் பேச்சை நம்பி, தன் வாயையே தப்பாக வைத்துக்கொண்டவர் சிரித்த சிரிப்பு அது.