அகழியில் விழுந்த கல்

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்கள் பாம்ப்லோனா நகரம் மூன்றுபட்டுக் கிடந்தது; கொண்டாட்டமெல்லாம் மதில் கட்டும் கொத்தனுக்கு. நவர்ரெரியா, பூர்கோ, சான் நிக்கோலாஸ் என்று மூன்று பேட்டைகள், மூன்று ஊர்ச்சபைகள், நடுவில் அகழி. ஒரு பேட்டைக் கோழி அடுத்த பேட்டைக்குப் பறந்தால்கூட வழக்குதான்.

நவர்ரெரியாவில் கம்பளி அலசிப் பிழைத்தவள் தோடா. அகன்ற தோள், மதில் அதிரும் குரல். அவளுடைய ஒரே மகள் ஓரியா, பூர்கோவின் தோல் வியாபாரி கில்லெமோடு ஓடிப்போனாள். தாய்வீட்டு வாசலை இனி மிதிப்பதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பூர்கோ சபை அவளை உள்ளே விட்டது. அன்றிலிருந்து தோடா காலையில் மதிலேறி, எதிரே தெரியும் சிவப்பு ஓட்டு வீட்டின் புகைபோக்கியைப் பார்ப்பாள். புகை வந்தால் மகள் நலம்.

பிறகு நவர்ரெரியாவுக்கும் பூர்கோவுக்கும் சண்டை மூண்டது. நவர்ரெரியா மதில்மேல் ராட்சதக் கவணை நிறுத்தினார்கள். பெண்கள் சேர்ந்து கயிற்றை இழுத்தால் கல் பறக்கும். தானும் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இழுக்கக் குரல் கொடுப்பவள் தோடா. குறி, அந்தச் சிவப்பு ஓட்டு வீட்டை ஒட்டிய கோபுரம். தோடா ஒரு மூச்சு முந்திக் குரல் கொடுப்பாள். கைகள் தயாராகாமல் கல் பாதிவழியில் விழும்.

"தோடாக்கா, உன் குரலுக்குப் போற கல்லு மட்டும் ஏன் அகழியிலயே விழுது? அதுக்கு என்ன, குளிக்கணுமா?" என்றான் கவண் மேஸ்திரி செமேனோ.

"கயிறு நனைஞ்சிருக்கு மேஸ்திரி."

பக்கத்துக் கயிற்றைப் பிடித்திருந்த உர்ராக்கா புருஷனைப் பறிகொடுத்தவள். "நனைஞ்சது கயிறில்ல, இவ மனசு. எம் புருசன் கழுத்துல அம்பு விட்டவன் அங்க கஞ்சி குடிச்சிட்டு உக்காந்திருக்கான்."

தோடா ஈரம் பிழிவதுபோலக் கயிற்றை முறுக்கினாள்.

பூர்கோவுக்குத் துணையாகப் பிரெஞ்சுப் படை நெருங்கிவிட்டதென்று சேதி வந்த மறுநாள், புகைபோக்கியில் புகை இல்லை. விறகு தீர்ந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அகழி முழுக்கப் பனிமூட்டம். வழக்கம்போல முந்திக் குரல் கொடுத்தாள். கல் அகழியில் விழுந்தது. கூடவே ஒரு பெண்ணின் அலறல்.

அந்தக் குரல் யாருடையது என்று பெற்றவளுக்குச் சொல்ல வேண்டுமா?

மதிலிலிருந்து கயிற்றைப் பிடித்து அகழிக்குள் இறங்கினாள். பூர்கோவிலிருந்து வந்த அம்பு தொடையில் பாய்ந்தது. அதோடே தவழ்ந்து போனாள். ஓரியாவின் நெஞ்சுக்கூடு நொறுங்கிக் கிடந்தது. கையில் ஒரு மூட்டை. உள்ளே பூர்கோப் பெண்கள் கட்டும் வெள்ளைத் தலைத்துணியும், தோடாவின் தோளுக்கு அளவாகத் தைத்த அங்கியும். படை வந்து நவர்ரெரியாவைக் கொளுத்துமுன், அம்மாவைப் பூர்கோக்காரியாக்கிக் கூட்டிப் போக, சத்தியத்தை மீறி வந்திருக்கிறாள், பாவி மகள்.

ஓடிப்போனவள் என்று எங்கள் நவர்ரெரியா சபையும் உடலை ஏற்கவில்லை, சத்தியம் மீறியவள் என்று பூர்கோ சபையும் ஏற்கவில்லை. தோடா அகழியிலேயே கையால் மண்ணைப் பறித்துப் புதைத்தாள்.

மறுநாள் நொண்டிக்கொண்டே கவணுக்கு வந்து, சரியான நேரத்தில் குரல் கொடுத்தாள். கல் கோபுரத்தின் தலையைக் கடந்து பூர்கோ வீடுகளுக்கு நடுவே போய் விழுந்தது.

"இன்னிக்கு எப்படிக்கா?" என்றான் செமேனோ.

"அங்க எனக்கு இனி யாருமில்ல. அடுத்த கல்ல வை."

மதிலுக்கு அப்பால் யாரோ ஒரு தாய் ஓலமிடுவது கேட்டது. தோடா கயிற்றை விடவில்லை.