அநாதை என்று எழுதியிருந்த படிவம்

சேகர் சனிக்கிழமை ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரடைப்பில் இறந்துவிட்டார். திங்கட்கிழமை அவருடைய ஃபைல் என் மேஜைக்கு வந்தது.

செகந்திராபாத்தை அடுத்த மல்லாபூரில் பம்பு தயாரிக்கும் ஒரு தனியார் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் பர்சனல் டிபார்ட்மென்டில் இருந்தேன். பி.எஃப்., கிராஜுவிட்டி, நாமினேஷன் எல்லாம் என் வேலை. போலாரத்திலிருந்து ஸ்கூட்டரில் போய் வருவேன். போன வருடம் ரிட்டயர் ஆனேன். இப்போது என் இடத்தில் இருக்கும் பெண் வாரத்துக்கு இரண்டு முறையாவது போன் செய்து பென்ஷன் விதி கேட்கிறாள். விதி எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத பாதி, சேகர் வீட்டு விஷயத்தில்தான் எனக்குத் தெரியவந்தது. அதை இங்கே எழுதுகிறேன்.

1. ஒன்று வந்தால் ஒன்று நிற்கும்

சேகர் ஃபிட்டர். மனைவி கவிதாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. மகள் திவ்யா ஒன்பதாம் வகுப்பு, மகன் விக்கி மூன்றாம் வகுப்பு. வேலூர்ப் பக்கத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக செகந்திராபாத். கவிதா பேசுவது வேலூர்த் தமிழ், நடுநடுவே இந்த ஊர் இந்தி. பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் இந்தியிலோ தெலுங்கிலோ வரும்.

வேலையில் இருக்கும்போது ஒருவர் இறந்தால் பி.எஃப். பென்ஷன் மூன்று துண்டாக வரும். மனைவிக்கு ஒரு தொகை. அதில் கால் பங்கு ஒரு பிள்ளைக்கு, இன்னொரு கால் பங்கு இன்னொரு பிள்ளைக்கு. பிள்ளைகளுக்கு இருபத்தைந்து வயது வரைதான். எங்கள் கம்பெனியில் பேசிக் சம்பளத்தைக் குறைத்தே போடுவார்கள், அதனால் பென்ஷனும் குறைவு.

சேகர் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, பி.எஃப். கணக்கில் ஒரு மாதிரி இருந்தது. திருத்தி முடிக்க மாதங்கள் ஆகும். அதுவரை கையில் ஏதாவது வரட்டும் என்று, அரசாங்கம் கொடுக்கும் விதவை பென்ஷனுக்கு மனுப்போடச் சொன்னேன். போட்டாள், கிடைத்தது. எட்டு மாதம் கழித்து பி.எஃப். பென்ஷன் வந்தது. அதற்கடுத்த மாதம் கவிதா ஃபேக்டரி கேட்டில் வந்து நின்றாள்.

"கவர்மென்ட் பென்ஷன் நின்னுபோச்சு மேடம். வேற பென்ஷன் வாங்கறவங்களுக்கு அது கெடையாதாம்."

"ஆமா கவிதா, ரெண்டும் வாங்க முடியாது."

"கியூவுல எல்லார் எதிர்லயும் கேட்டாங்க, ரெண்டு எடத்துல வாங்கறியான்னு. எனக்குத் தெரியாதுன்னேன். யாரும் நம்பல."

அவள் குரல் உயரவில்லை. அந்த விதி எனக்கு முன்பே தெரியும். மறந்துபோனேன் என்று சொன்னால் பொய். சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். இன்னொன்றும் இருந்தது. அவளுடைய பங்கை மட்டும் பார்த்தால், நின்றுபோன அரசாங்க பென்ஷன்தான் பெரியது. பிள்ளைகளின் கால் பங்குகளைச் சேர்த்தால்தான் பி.எஃப். தொகை அதைத் தாண்டியது.

2. கவிதா கேட்ட கேள்வி

இரண்டரை வருடம் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி வந்தாள். நாச்சாரத்தில் ஒரு தையல் யூனிட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னேன். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நானு வேற கல்யாணம் பண்ணிக்கினா, பசங்க பென்ஷனும் போயிருமா மேடம்?"

"யார் அப்படிச் சொன்னது?"

"எங்க மூத்தாரு."

மூத்தார் என்றால் கணவனின் அண்ணன், பெயர் தயாளன். கல்யாணம் செய்துகொண்டால் மூன்று பேர் பென்ஷனும் நின்றுவிடும், பிள்ளைகளைத் தன்னிடம் விட்டால் மட்டும் அவர்கள் பங்கைத் தான் காப்பாற்ற முடியும் என்று அவர் சொல்லியிருந்தார்.

கவிதா கட்டிக்கொள்ள நினைத்தவர் பெயர் ரவி. ராமச்சந்திராபுரம் பக்கம் கான்ட்ராக்ட் பஸ் ஓட்டுகிறவர். மனைவி இறந்து ஆறு வருடம், பிள்ளைகள் இல்லை. தையல் யூனிட்டில் கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வேறு வழி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கோயிலில் தாலி கட்டிக்கொள், யாரிடமும் சொல்லாதே. வருடம் ஒருமுறை உயிரோடு இருக்கிறோம் என்று கைரேகை வைக்கும்போது மறுமணம் ஆயிற்றா என்று மெஷின் கேட்கும், இல்லை என்று அழுத்திவிடு.

"ரவி என்ன சொல்றார்?"

"நக்கோன்னுட்டாரு. பொய் சொல்லி வாங்கற காசு வேணாங்கறாரு."

"உனக்கு அவரைப் பிடிச்சிருக்கா?"

"ஹவ் மேடம்," என்றாள், ஆமாம் என்பதற்கு இந்த ஊர் வார்த்தையில். பிறகு, "ஆனா பசங்கள வுட்டுட்டு இல்ல."

இரண்டு நாள் டைம் கேட்டேன். மேனேஜர் ராவ் சாரிடம் பி.எஃப். ஆபீசுக்குப் போக அரை நாள் பர்மிஷன் கேட்டபோது அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தம்மா நம்ம எம்ப்ளாயி இல்லையே. நமக்கு எதுக்கு இது?"

"சேகர் நம்ம எம்ப்ளாயி சார்."

கேட் பாஸில் கையெழுத்துப் போட்டார்.

பி.எஃப். ஆபீசில் ஒரு சீனியர் அதிகாரி விதியை எடுத்து வாசித்துக் காட்டினார். மறுமணம் ஆனால் மனைவியின் பங்கு நின்றுவிடும். ஆனால் பிள்ளைகளின் பங்கு நிற்காது, உயரும். கால் பங்கு இருந்த இடத்தில் முக்கால் பங்கு. அங்கேயே நின்று கூட்டிப் பார்த்தேன். இப்போது ஒன்று, கால், கால்: ஒன்றரை. கல்யாணத்துக்குப் பிறகு முக்கால், முக்கால்: அதுவும் ஒன்றரை. வீட்டுக்கு வரும் தொகை மாறவே இல்லை. கார்டியன் யார் என்று கேட்டேன். பெற்ற தாய்தான் என்றார். மறுமணம் செய்தாலுமா என்று இன்னொரு முறை கேட்டேன். "அம்மா அம்மாதானே மேடம்," என்றார்.

இந்தத் தடவை எல்லாவற்றையும் முன்கூட்டியே கவிதாவிடம் சொன்னேன். திவ்யாவுக்கு இருபத்தைந்து ஆனதும் அவள் பங்கு நிற்கும், பிறகு விக்கியுடையதும் நிற்கும். அதன்பின் எதுவும் வராது. கல்யாணம் செய்யாமல் இருந்தால் அவளுக்கென்று உயிரோடு இருக்கும்வரை ஒரு தொகை வந்துகொண்டிருக்கும். இன்னொன்று, திவ்யா இன்டர், அதாவது பிளஸ் டூ, படிக்க அரசாங்கம் ஃபீஸ் கட்டுகிறது. ரவியின் சம்பளம் குடும்ப வருமானத்தில் சேர்ந்தால் வரம்பைத் தாண்டும், அந்த உதவி நின்றுவிடும்.

"ஃபீஸ் அவரு கட்டறாராம். முன்னாடியே சொல்லிட்டாரு."

"உன் பங்கு?"

"நான் தைக்கறேன் இல்ல மேடம்."

3. அந்த வார்த்தை

கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீசில் நடந்தது. அடுத்த வாரம் மூன்று பேரும் படிவம் நிரப்ப வந்தார்கள், கவிதா, திவ்யா, விக்கி. படிவத்தை மேஜையில் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருந்தேன். விக்கி மேலே இருந்த ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசித்தான்.

"மம்மி, ஆர்ஃபன் அன்டே?" என்று தெலுங்கில் கேட்டான். ஆர்ஃபன் என்றால் என்ன என்று.

கவிதாவுக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும். மனைவி பங்கு நின்ற பிறகு பிள்ளைகளுக்கு வரும் பென்ஷனுக்கு அதுதான் பெயர், ஆர்ஃபன் பென்ஷன். அநாதை பென்ஷன். எத்தனையோ முறை அந்தப் பெயரை டைப் அடித்திருக்கிறேன். எனக்கு அது வெறும் படிவத் தலைப்பு.

கவிதா பேனாவைக் கீழே வைத்தாள்.

"நான் உசுரோட இருக்கசொல்ல, என் பசங்கள அநாதைன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமா மேடம்?"

"அது அவங்க வச்ச பேர் கவிதா. அர்த்தம் அது இல்ல."

"அர்த்தம் இல்லன்னா கைக்கு, எதுக்கு மேடம் அந்தப் பேரு?"

விக்கியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். திவ்யா என்னைப் பார்த்துவிட்டுப் பின்னால் போனாள்.

அந்த வருடம் கைரேகை வைக்கும்போது மறுமணம் ஆயிற்று என்று கவிதா உண்மையைச் சொன்னாள். அவள் பங்கு நின்றது. புதுப் படிவம் கொடுக்காததால் பிள்ளைகளுக்குப் பழைய கால் பங்குதான் வந்தது. வந்துகொண்டிருந்ததில் மூன்றில் ஒரு பங்கு. மூன்று மாதம் அப்படிப் போனது. இரண்டு முறை போன் செய்தேன். வருகிறேன் என்றாள், வரவில்லை.

நான்காவது மாதம் தயாளன் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பிளாஸ்டிக் கவர், அதில் சேகரின் பழைய ஐடி கார்டு ஜெராக்ஸ்.

"பென்ஷன் குறைஞ்சுபோச்சுன்னு கேள்விப்பட்டேன். கார்டியன்னு என் பேரைப் போட எந்த ஃபாரம் மேடம்?"

"அம்மா இருக்காங்களே சார்."

"அவ வேற வீட்டுக்குப் போயிட்டா."

"போனாலும் அம்மாதான். அதுக்கு ஃபாரம் கிடையாது."

அவர் போகவில்லை. "காசுக்காக இல்ல மேடம். என் தம்பி பசங்க வேற ஒருத்தன் வூட்ல வளரக்கூடாது," என்றார். அதை அவர் மனதாரச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். கோர்ட்டுக்குப் போவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே கவிதாவுக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன். மறுநாள் காலையில் திவ்யாவுடன் வந்தாள். படிவத்தை எடுத்து வைத்தேன். கவிதா பேனாவைத் தொடவில்லை. திவ்யாதான் பேசினாள், இந்தியில்.

"பெரியப்பா வீட்டுக்குப் போனாத்தான் மம்மி, நான் அது ஆவேன். இந்தப் பேப்பர்ல எழுதினா ஆகமாட்டேன்."

கவிதா பேனாவை எடுத்தாள். பென்சில் குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். கார்டியன் பெயருக்குப் பக்கத்தில் உறவு என்ன என்று ஒரு கட்டம் இருக்கும். வழக்கமாக அதை நான் நிரப்பிவிடுவேன். படிவத்தை என் பக்கம் இழுத்தேன். அவள் விடவில்லை. கட்டத்துக்குள் அடங்காத அளவு பெரிய ஆங்கில எழுத்தில், மதர் என்று அவளே எழுதினாள். அடுத்த பிள்ளையின் படிவத்திலும் அப்படியே. கட்டத்துக்கு வெளியே எழுத்துப் போனால் திருப்பி அனுப்புவார்களோ என்று எனக்குப் பயம். அனுப்பவில்லை.

4. பிறகு

ஆர்டர் வர நான்கு மாதம் ஆனது. நிலுவையும் சேர்ந்து வந்தது. திவ்யாவின் ஃபீஸ் உதவி நான் சொன்னபடியே நின்றது. ரவி ஞாயிற்றுக்கிழமைகளிலும் டிரிப் எடுத்துக் கட்டினார். தயாளன் கோர்ட்டுக்குப் போகவில்லை. ஒரு வருடம் பேசாமல் இருந்துவிட்டு, இப்போது மாதம் ஒருமுறை விக்கியைக் கூட்டிக்கொண்டு போய் மாலையில் கொண்டுவந்து விடுகிறாராம்.

என் இடத்தில் இருக்கும் பெண்ணுக்கு இதில் இரண்டு விஷயம் சொல்வேன். ஒரு பென்ஷனுக்கு மனுப்போடச் சொல்லும்போதே, அது வந்தால் எது நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஆபீசுக்கு அவை வேறு வேறு டிபார்ட்மென்ட். வாங்குகிற வீட்டுக்கு எல்லாம் ஒரே பை.

இரண்டாவதைக் கற்றுக்கொள்ள எனக்கு இருபத்தைந்து வருடம் ஆனது. கவிதாவுக்குப் பிறகு இன்னும் மூன்று பேருக்கு அந்தப் படிவத்தை நிரப்பினேன். மேஜையில் வைப்பதற்கு முன்னாலேயே, மேலே ஒரு வார்த்தை இருக்கும், படித்தால் கஷ்டமாக இருக்கும், இதுதான் அந்த வார்த்தை என்று சொல்லிவிடுவேன். இரண்டு பேர் அழுதார்கள். ஒருத்தி வெளியே போய் மரத்தடியில் நின்றுவிட்டு வந்தாள். மூன்று பேருமே அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்கள். உறவு என்ற கட்டத்தை மட்டும் நான் காலியாகவே விட்டுவிடுவேன்.