வலைக் கொம்பு

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கொசஸ்தலை ஆற்றுத் தாழ்வில் பாதை எது, பள்ளம் எது என்று ஆண்டவனுக்கே தெரியாது. அதற்காக உப்பளத்தார் மண்பாதையின் இரண்டு ஓரங்களிலும் சவுக்குக் கொம்புகளை நட்டு வைப்பார்கள். கொம்புகளுக்கு நடுவே ஓட்டினால் முழங்கால் தண்ணீர்தான். என் புருஷன் அந்த உப்பளத்தில் ஜீப் ஓட்டினார். யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த பழைய வண்டி அது.

அப்படி ஒரு மழைநாளில் எங்கள் கைக்குழந்தைக்குத் தொண்டை அடைப்பான். உடனே ராயபுரத்து ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். தண்ணீரில் இறங்குமுன் அவர் வண்டியை நிறுத்தி, விசிறி பெல்ட்டைக் கழற்ற உட்கார்ந்தார். விசிறி சுற்றினால் தண்ணீரை வாரி இன்ஜின்மேல் அடித்து அணைத்துவிடுமாம். நியாயம்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயில் வந்தபடி ஏசினேன். அவர் பெல்ட்டைக் கழற்றி முடித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

ஜீப்பின் இரைச்சலில் குழந்தையின் மூச்சு கேட்கவில்லை. அவள் மூக்கருகே என் கன்னத்தை வைத்தபடி வந்தேன். காற்றுப் படும், படாது, என் உயிர் போய்ப் போய் வந்தது. கொட்டுகிற மழையில் ஒரு கொம்பு வரிசை தெரிந்ததும் அவர் அதை நோக்கித் திருப்பினார். முன்சக்கரம் சட்டென்று அமிழ்ந்தது. தண்ணீர் இருக்கை வரை ஏறி இன்ஜின் நின்றுவிட்டது.

தோணியில் ஒரு மீனவர் வந்தார்.

"அது ரோட்டுக் கொம்பு இல்ல நைனா. எங்க வலைக் கொம்பு. அங்க பள்ளம் கீது."

கடலில் இறங்க முடியாத மழைக்காலத்தில் ஆற்று இறால்தான் அவர்களுக்குச் சோறு. வலைக்குள் வண்டியை விட்டதற்குச் சண்டை பிடிக்கப்போகிறார் என்று நடுங்கினேன். அவர் குழந்தையைப் பார்த்துவிட்டு, என்னைத் தோணியில் ஏறச் சொன்னார். ஜீப் அடித்துக்கொண்டு போய்விடாமல் கயிறு கட்ட என் புருஷன் அங்கேயே நின்றார்.

கரைக்கு நேர்வழியில் அந்த மீனவரின் வலையே குறுக்கே கட்டியிருந்தது. சுற்றிக்கொண்டு போனால் நேரமாகும்.

"கொயந்தைக்கு மூச்சு வர்தா?"

என் கன்னத்தில் ஒன்றுமே படவில்லை. தெரியவில்லை என்று அழுதேன். அவர் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து, தன் வலையை மேலிருந்து கீழாக அறுத்தார். கட்டின வலை இரண்டாகப் பிரிந்து வெள்ளத்தோடு போயிற்று. அந்த வழியே தோணியைச் செலுத்தினார்.

நேரத்தோடு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்ததால் பெண் பிழைத்துக்கொண்டாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பார்க்க வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. போன தலைப்பாகை எங்களுடையது அல்ல.